கருகிய கம்பு ஒரு கைப்பிடி

என் சம்சாரம் வெயிலாச்சியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோல் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக வர வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மூச்சு வாங்கியது, அதற்காக அவள் நிறுத்தவில்லை. "வேட்டியில டீக்கறை இருக்கு. பாக்குறவுக என்னையத்தான் பேசுவாக. மாத்திட்டு வாங்க" என்றாள். நான் சரி என்று கிளம்பினேன். வார்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் இந்த நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இப்போது இந்த ஆய்வுக்கூடத்தின் முன்னறையில், இரும்பு நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருக்கும்போது, திரும்பிப் பார்த்தது அன்றைக்கா அதற்கு முந்தின நாளா என்று சந்தேகம் வருகிறது. முந்தின நாள் என்றால் அவள் கையில் ஆரஞ்சு இருந்திருக்க முடியாது, அன்று நான் வாங்கிக்கொண்டு போனது ரொட்டி. ஆனால் என் கண்ணுக்குள் இருக்கும் வெயிலாச்சி வாசலிலிருந்து பார்க்கிற தூரத்தில், கையில் ஆரஞ்சோடு இருக்கிறாள். ஆரஞ்சு பக்கத்தில் நின்று பார்த்தது. தூரம் வேறு ஒரு நாளுடையதாக இருக்கலாம். இரண்டையும் நானே சேர்த்துவைத்துவிட்டேனோ என்னவோ. அடிக்கடி எடுத்துப் பார்க்கிற எதுவும் கைபட்டுத் தேய்ந்துபோகும் என்று பயந்து, கொஞ்ச காலமாக அதை எடுக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். இங்கே வந்து உட்கார்ந்ததும் தானாக வந்துவிட்டது. உள்ளறையில் ஏதோ ஒரு இயந்திரம் டிக் என்கிறது. சீரான சத்தம் இல்லை. ஒரு டிக், பிறகு நீண்ட சும்மா, பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல. தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கும்போது இப்படித்தான் விழும், அடுத்தது எப்போது விழும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும், வேறு நினைப்பு ஓடாது, ஓடினாலும் தடுக்கித் தடுக்கித்தான் ஓடும்.

பைக்குள் ஒரு எவர்சில்வர் சம்படம். மூடி போட்ட, உள்ளங்கை அகலச் சம்படம், ஊரில் சீனியோ காப்பித்தூளோ போட்டு வைப்பார்கள். இதற்குள் இருப்பது கருகிய கம்பு, ஒரு கைப்பிடி. ஓட்டாங்காட்டு மேட்டில் பேராசிரியர் தேவநேசன் சார் தோண்டிய குழியில், மண்ணுக்கு அடியில், மூடியோடு இருந்த ஒரு பானைக்குள் கிடைத்தது. நான் அந்தக் குழிக்கு மேஸ்திரி. முதலில் ராத்திரிக் காவலுக்குத்தான் என்னை வைத்தார்கள். பிறகு சும்மா இருக்க முடியாமல் மண்ணின் நிறம் மாறுவதைப் பார்க்கப் பழகி, சாரின் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி, அப்படியே மேஸ்திரி ஆனேன். பானையைத் திறந்து கம்பை எடுத்தவள், அதே குழியில் மண் அள்ள வந்த வெயிலாச்சி. அதை இங்கே கொடுத்தால் எத்தனை வருஷத்துக்கு முந்தியது என்று சொல்லிவிடுவார்கள். அதற்காக இரண்டு நாள் ரயில். ரயிலில் சம்படத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. எதிர் சீட்டில் ராஜபாளையத்துக்காரர் ஒருவர், மனைவியோடு. நெடுநேரம் என் மடியையே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "காசிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "வீட்டம்மாவா?" என்றார். அப்போதுதான் புரிந்தது. வயசான ஆள், தனியாக, வடக்கே போகிற ரயிலில், மடியில் மூடி போட்ட பாத்திரம். வேறு என்ன நினைப்பார்கள்? "இல்லைங்க, இது கம்பு" என்றேன். "கம்பா?" "ஆமா. கம்பம்புல்லு." அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அவர் தொடையைத் தட்டி, "விடுங்க, பாவம், துக்கத்துல என்னமோ சொல்றாரு" என்றாள், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு இரண்டு பேரும் காலை என் பக்கம் நீட்டவே இல்லை. நாக்பூரில் எனக்கும் சேர்த்து டீ வாங்கினார்கள். மறுபடி மறுத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெயிலாச்சியின் சாம்பல் திருச்செந்தூர்க் கடலில் போய் நான்கு வருஷம் ஆகிறது. அதை நான் மடியில் வைத்துக்கொண்டு போகவில்லை, ஜீப்பில், காலுக்கடியில், மண் கூடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனேன். சாருடைய ஜீப் அது. கூடையை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் கொடுத்தது அடுப்புக்கரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால். அது ஒழுங்காகத்தான் போயிற்று, அலுமினியத் தாளில் சுற்றி, கை படாமல், சார் சொன்ன மாதிரியே. பதில் வந்தது: இருநூறு வருஷம். சார் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார், மறுபடியும் இருநூறுதான். கரிசல் மண் கோடையில் வெடிக்கும். ஆள் கை நுழைகிற வெடிப்பு, முழ ஆழத்துக்குப் போகும். மேலே கிடக்கிற சருகும் வேரும் போன வருஷத்து அடுப்புக்கரியும் அதற்குள் விழும். மழை வந்ததும் மண் ஊதி வாயை மூடிக்கொள்ளும், ஒன்றும் தெரியாத மாதிரி. அப்படி விழுந்தது கலந்துபோயிருக்கிறது. ஓட்டாங்காட்டுக்கு வயசு இல்லாமல் போயிற்று. சாருக்கு அடுத்த ஆனியில் ஓய்வு. வயசு இல்லாத மேட்டைப் பற்றிப் புத்தகம் எழுதி என்ன, பக்கத்து ஊர்ப் பொட்டல் என்றே எழுதிவிடலாம் என்று சிரித்தார், சிரிப்பு மாதிரி இல்லை. அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார். "கொண்டல், அந்தக் கம்பு இருக்கில்லப்பா. மூடின பானை. வெடிப்பு உள்ள போகலை. அதைக் கொடுத்துப் பாப்பமா?" கேட்டார் என்பதுதான் பெரிசு. எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கலாம், அது துறையின் சொத்து, என் வீட்டுச் சொத்து இல்லை. பானை கிடைத்த மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகியது என்று எங்கள் வீட்டில் வைக்கச் சொன்னார்கள், வெயிலாச்சி தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள், அவ்வளவுதான். பிறகு யாரும் கேட்கவில்லை. பிறகு அவள் இல்லை. பிறகும் அது அங்கேயே இருந்தது. நான் பெட்டியைத் திறப்பேன், சேலைகளுக்கு அடியில் கையை விட்டுச் சம்படம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், மூடுவேன். சம்படத்தைத் திறந்ததில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் ஈரம் படக்கூடாது என்றிருப்பேன்.

பானையைத் திறந்த அன்றைக்கு நடந்ததுதான் இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. உள்ளே கையை விட்டவள் ஒரு பிடி அள்ளி, முறத்தில் போட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்து, "சோளம்" என்றாள். சார் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கம்பு மாதிரி இருக்கே அம்மா என்றார். "சோளம் சார். நான் பாக்காத சோளமா" என்றாள். தஞ்சாவூரிலிருந்து ஒரு தாவரவியல் ஆசிரியர் வந்து பார்த்து, கம்பு என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய ஜீப் போனதும் வெயிலாச்சி என்னிடம், "அவரு வந்து எங்க வயல்ல ஒரு நாளு களையெடுக்கட்டும், அப்புறம் சொல்லட்டும் கம்பா சோளமான்னு" என்றாள். மறுநாள் காலையில் வீட்டில் இருந்த கம்பை ஒரு பிடி வாணலியில் போட்டுக் கருக்கி, முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கண் எரிகிற புகை வீட்டில். நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது தானே சொன்னாள். "சரி, கம்புதான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நல்லா வெளையாத கம்பு. மழை பெய்யாத வருசத்துக் கம்பு." அவளுக்குக் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்க வேண்டும். அந்த மழை பெய்யாத வருஷம் எந்த வருஷம் என்று கேட்கத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். டிக். பிறகு இல்லை. பிறகு டிக் டிக்.

இந்தக் கணக்கை அவளுக்கு ஒரு தடவை விளக்கியிருக்கிறேன். குழியிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, எனக்குப் புதிதாகப் புரிந்திருந்த சமயம், வாய் சும்மா இருக்கவில்லை. உயிரோட இருக்கிறவரைக்கும் செடி காத்துல இருந்து கரியை எடுத்துக்கிட்டே இருக்கும்ளா, அந்தக் கரியில ஒரு சொட்டு வேற மாதிரிக் கரி, அது தானா அழியிற கரி. செத்தப்புறம் புதுசா எடுக்காது. உள்ள இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு பாத்து, எப்பச் செத்துச்சுன்னு சொல்லுவாக. அவள் தலைமேல் மண்வெட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டு வந்தாள். "அப்ப எப்படி இருந்துச்சு, நல்லா இருந்துச்சா, அதெல்லாம் சொல்ல மாட்டாகளா?" "மாட்டாக." "எப்பச் செத்துச்சுங்கிறது மட்டுந்தானா. அதுக்கு எதுக்கு மெட்ராசு தாண்டிப் போவணும்? எங்க தெருவுல கேட்டாலே சொல்லுவாக." கொஞ்ச தூரம் போன பிறகு, "உங்களைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன சொல்லுவாகன்னு யோசிக்கேன்" என்றாள். "என்ன சொல்லுவாக?" "சாப்பாட்டு நேரம் தவிர மத்த நேரத்துல உசுரு இருந்ததுக்கு அடையாளமே இல்லைன்னு எழுதிக் குடுத்துருவாக." அவள் சிரித்தால் மூச்சு இரைக்கும், அப்போதே. நான் அதை நடந்த களைப்பு என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கதவு திறக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட அம்மா, நரைத்த தலையை ஆண்பிள்ளை மாதிரிக் கத்தரித்திருக்கிறாள். "கொண்டல்சாமி ஐயாவா? நான் மீனலோசனி. கும்பகோணம். பயப்படாதீங்க, இங்க தமிழ் பேச ஆள் இருக்கு, நான் ஒருத்திதான், ஆனா பத்துப் பேர் பேச்சு பேசுவேன்" என்கிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள், "கேன்டீன்ல சாம்பார்னு ஒண்ணு தருவான், பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க" என்கிறாள். கையைக் கழுவச் சொல்கிறாள். தலையில் எண்ணெய் வைத்திருக்கிறேன் என்று இன்னொரு தடவை கழுவச் சொல்கிறாள். "பீடி உண்டா?" "கிடையாதும்மா." "தப்பிச்சீங்க. பீடிச் சாம்பலை மாதிரி ஒரு எதிரி இந்த உலகத்துல எனக்குக் கிடையாது." அந்த டிக் சத்தம் என்ன என்று கேட்கிறேன். அதுதான் எண்ணுகிற இயந்திரம், யாரோ ஒருவருடைய மரத்துண்டு உள்ளே இருக்கிறது, மூன்று நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறது என்கிறாள். கம்பை எரித்து, அந்தப் புகையைப் பிடித்து, அதை மாற்றி மாற்றிக் கடைசியில் தண்ணீர் மாதிரி ஒரு திரவமாக்கி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வைத்துத்தான் எண்ணுவார்களாம். "முழுசையும் எரிச்சிருவீங்களா?" என்று கேட்கிறேன். தெரிந்ததுதான், சார் சொன்னதுதான், புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் என் வாய் கேட்கிறது. "முழுசையும்தான் ஐயா. எரிக்காம வயசு சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாது." நான் சம்படத்தை மேசையில் வைக்கிறேன். என் கை அதன்மேல் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. கையை எடுக்கிறேன். அவள் மூடியைத் திறக்கிறாள். உள்ளே ரோஸ் தாள்ப் பொட்டலம். நகைக்கடையில் தோடு வாங்கினால் பொதிந்து கொடுப்பார்களே, அந்த மெல்லிய ரோஸ் தாள். வெயிலாச்சி மூக்குத்தி வாங்கியபோது கொடுத்ததாக இருக்கும். இடுக்கியால் அந்த அம்மா ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்கிறாள். முதல் மடிப்பு. இரண்டாவது. உள்ளே வெள்ளையாகப் பஞ்சு, மெத்தை மாதிரி, அதன்மேல் கறுப்பாகக் கம்பு. "ஐயையோ, பஞ்சு" என்கிறாள் அந்த அம்மா. இடுக்கி அப்படியே நின்றுவிட்டது. "யாரு ஐயா வச்சது?" "என் சம்சாரம்" என்கிறேன்.

பஞ்சு வைக்காமல் வேறு எதை வைப்பாள்? எங்கள் பக்கத்தில் பொன்னானாலும் பஞ்சில்தான் வைப்போம், விதையானாலும் பஞ்சில்தான், குறைமாதத்தில் பிறந்த பிள்ளையைக்கூடக் கொட்டை எடுத்த பஞ்சில்தான் கிடத்துவோம். எங்கள் நிலத்துப் பருத்தி, அவளே உட்கார்ந்து கொட்டையைப் பிரித்தெடுத்திருப்பாள். அவள் பொதிந்தபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். என்னளா செய்யுத என்று கேட்டதற்கு, "உங்க சாரு தங்கத்தைப் பத்திரப்படுத்துறேன்" என்றாள். அந்த அம்மா எனக்குப் பொறுமையாகச் சொல்கிறாள். பஞ்சும் செடிதானே ஐயா, நாலஞ்சு வருஷத்துக்கு முந்தின செடி. அதை ரெண்டாயிரம் வருஷத்துக் கரியோட சேர்த்து எரிச்சா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வயசு வரும். அந்த வயசுல எதுவுமே நடந்திருக்காது. அந்த வார்த்தையில் நான் மாட்டிக்கொள்கிறேன். நடுவில் ஒரு நாள், அந்த நாளில் எதுவும் நடக்கவில்லை. வார்டு வாசல் தூரமும் வெயிலாச்சி கை ஆரஞ்சும். அவள் மேலே சொல்லிக்கொண்டு போகிறாள், நான் பாதியிலிருந்து கேட்கிறேன். லென்ஸில் பார்த்துச் சுத்தமான மணிகளை மட்டும் பொறுக்கலாம். ஆனால் கருகிய மணியெல்லாம் வெடித்து விரிசல் விட்டிருக்கிறது, சில மணியில் பஞ்சு விரிசலுக்குள் போயிருக்கிறது, அப்படிப் போனதை எடுக்க முடியாது, ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் மிஞ்சுவது முக்கால் கைப்பிடி தேறும். அதை அமிலத்தில் கழுவினால் இன்னும் குறையும். "மிஞ்சினது போதுமா போதாதான்னு கழுவின அப்புறம்தான் ஐயா தெரியும். போதலைன்னா தேதியும் கிடையாது, கம்பும் திரும்ப வராது." "இல்லைன்னா?" "இல்லைன்னா இப்பவே மூடி எடுத்துட்டுப் போயிடலாம். வெளிநாட்டுல ஒரு மெஷின் வந்திருக்கு, ஒத்தை மணி போதும்ங்கிறாங்க. நம்ம ஊருக்கு எப்ப வரும், உங்களுக்கு முறை எப்ப வரும், தெரியாது. அப்ப நான் இங்க இருக்க மாட்டேன். தேவநேசன் சார்கிட்ட நீங்க வர்றதுக்கு முன்னாடியே போன்ல பேசிட்டேன். நல்லா இருக்கணும் அந்த மனுஷன், 'எடுத்தது அவர் வீட்டு அம்மா, கொண்டலு என்ன சொல்றாரோ அதைச் செய்யுங்க'ன்னுட்டாரு." கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வரலாமா என்று கேட்கிறேன். "போங்க. கம்பு எங்கேயும் போயிடாது. இத்தனை காலம் இருந்தது" என்கிறாள்.

வெளியே ஒரு அசோக மரம், அதற்குக் கீழே தண்ணீர்க் குழாய். வடக்கத்தி வெயில், வறண்டு கிடக்கிறது, ஆனால் உறைக்கவில்லை. வரும்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, எடுத்துக்கொண்டுவிடுவார்களே என்று. இப்போது இன்னொன்று, எடுத்துக்கொள்ள முடியாமல் போய்விடுமோ என்று. இரண்டும் எதிரெதிர்ப் பயம், ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன, ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேர் மாதிரி. எடுத்துக்கொண்டு போய்விடலாம். பெட்டியில் வைக்கலாம். சேலைகளுக்கு அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கலாம். அந்த மெஷின் வரும்வரை இருப்பேனோ மாட்டேனோ. நான் இல்லாவிட்டால் பெட்டியை யார் திறப்பார்கள், திறந்தவர்கள் கருகிய கம்பை என்ன செய்வார்கள், கொல்லையில் கொட்டிவிட்டுச் சம்படத்தைக் கழுவி எடுத்துக்கொள்வார்கள், சம்படம் நல்ல சம்படம். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடிக்கிறேன். ஆஸ்பத்திரியில், வேட்டியை மாற்றிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, அவள் மூக்கில் பஞ்சு வைத்துவிட்டார்கள். வாசலில் நின்றபோதே அந்த வெள்ளைதான் முதலில் தெரிந்தது. முகம் அப்புறம்தான். இதுவரை அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். இப்போது அடைக்கவில்லை, ஏன் என்று பார்க்கிறேன், அடைக்கவில்லைதான். அந்த அம்மா இடுக்கியால் ரோஸ் தாளைப் பிரித்தது நினைவுக்கு வருகிறது. முதல் மடிப்பு, இரண்டாவது மடிப்பு. வெயிலாச்சி கை மடித்த மடிப்பு. அவள் மடித்த பிறகு யாரும் பிரிக்காத மடிப்பு. நான்கு வருஷமாக நான் திறக்காமல் வைத்திருந்தது கம்புக்காக இல்லை. கம்பு கண்ணில் பட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, குழியில் பார்த்த அதே கறுப்புக் கம்பு. நான் வைத்திருந்தது அந்த மடிப்பை. அது இப்போது மேசைமேல் விரிந்து கிடக்கிறது. மறுபடி மடித்தால் அது நான் மடித்ததாகத்தான் இருக்கும். அந்த அம்மாவுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் பிரிக்காமல் எப்படிப் பார்ப்பாள்? கோபம் வரும் என்று காத்திருக்கிறேன். வரவில்லை. முகத்துத் தண்ணீர் காய்கிறது. மரத்தில் ஒரு அணில், எங்கள் ஊர் அணிலைவிடப் பெரியது, அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

உள்ளே போகிறேன். அந்த அம்மா தட்டைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், பக்கத்தில் ஆறிப்போன டீ. "போடுங்கம்மா" என்கிறேன். "யோசிச்சுட்டீங்களா?" "யோசிச்சுட்டேன்." "அப்புறம் ஊருக்குப் போயி, அந்தக் கும்பகோணத்துக்காரி ஏமாத்திப்புட்டான்னு சொல்லக்கூடாது." "சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் கேக்கலாமா?" "கேளுங்க." "மழை பெய்யாத வருசத்துல வெளைஞ்சதான்னு தெரியுமா?" "தெரியாது ஐயா. எப்ப அறுத்தாங்கங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதுவும் நூறு வருஷம் முன்னப் பின்ன இருக்கும்." "சரி." "யாரு அப்படிச் சொன்னது?" "சம்சாரந்தான்." "விவசாயம் தெரிஞ்சவங்களா?" "சோளம்னு சொன்னா முதல்ல." அந்த அம்மா சத்தமாகச் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், வெயிலாச்சி இருந்தால் இந்த இடத்தில் எங்கள் இரண்டு பேரையும் முறைப்பாள். பிறகு அந்த அம்மா விளக்கை இழுத்து, லென்ஸுக்குக் கீழே குனிந்து, இரண்டு கண்ணாடித் தட்டுகளை வைத்துப் பொறுக்க ஆரம்பிக்கிறாள். பெரிய தட்டில் சுத்தமானது. சின்னத் தட்டில் பஞ்சு ஒட்டியது. இடுக்கியின் நுனி போய்ப் போய் வருகிறது. நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறேன். பெரிய தட்டில் ஒன்று விழும்போது நல்லது என்று நினைக்கிறேன். சின்னத் தட்டில் ஒன்று விழும்போதும் நல்லது என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் பொய் இல்லை. பக்கத்து அறையில் யாருடைய மரத்துண்டோ டிக் என்கிறது, கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, மறுபடி டிக் என்கிறது.

அது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது, இப்போது பழைய கதை. பெரிய தட்டில் இருந்தது கழுவிய பிறகு மட்டுமட்டாகப் போதுமானதாக இருந்தது. பதில் பங்குனியில் வந்தது: இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது வருஷம், கூட்டியோ குறைத்தோ நூற்றுப்பத்து. சார் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவில்லை, எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய புத்தகம் வந்தது, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒற்றை மணி போதும் என்கிற மெஷின் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது என்று பேப்பரில் படித்தேன். ஓட்டாங்காட்டு மேடு இப்போது பட்டா நிலம், வெள்ளரி போட்டிருக்கிறார்கள். பானை உடைந்து ஒட்டவைத்தது, ஒரு பல்கலைக்கழகத்துச் சாமான் கிட்டங்கியில் இருப்பதாகச் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. சின்னத் தட்டில் ஒதுக்கியதை அந்த அம்மா ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு அனுப்பியிருந்தாள். அது மாவட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சிட்டிகை கம்பு, பஞ்சோடு.